கேட்சர் வேலை எத்தனை வருஷம் தாங்கும்?

அக்டோபர் 14, 2025. வாசகர் ஒருவரின் கேள்வி

பேஸ்பாலில் கேட்சர் என்பவர் நம்ம விக்கெட் கீப்பர்தானே? சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் பஸ்டர் போசி உடம்பு தாங்கவில்லை என்று 34 வயதில் விலகிவிட்டார். தோனி 43 வயதிலும் ஐபிஎல்லில் கீப்பிங் செய்தார். டெஸ்டில் ஒரு முழு நாள் என்றால் 540 பந்துக்குக் கீப்பர் உட்கார்ந்து எழ வேண்டும். கேட்சருக்கு ஒரு ஆட்டத்தில் 150 பந்து இருந்தால் அதிகம். அமெரிக்கர்கள் இதைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்குகிறார்கள் என்பது என் கருத்து.

அக்டோபர் 14, இரவு

நான் இருப்பது செயின்ட் லூயிஸில். என் பையன் பள்ளி வயதில் கேட்சராக ஆடுகிறான். அதனால் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

540 என்ற கணக்கு சரி. ஆனால் வருஷத்துக்கு எத்தனை டெஸ்ட், எத்தனை நாள் ஃபீல்டிங்? பேஸ்பாலில் ஒரு அணிக்கு ஆறு மாதத்துக்குள் 162 ஆட்டங்கள். முதல் கேட்சர் அதில் 120 ஆடுகிறார் என்று வையுங்கள். 150 பந்து வீதம் 18,000 தடவை. ஆட்டத்துக்கு முன்னால் பிட்சர்களுக்கு (பந்து வீசுபவர்களுக்கு) வார்ம்-அப் பிடிப்பது, நடுவில் அடிவாங்கி எழுவது எல்லாம் இதில் வராது.

எண்ணிக்கைகூட இரண்டாம் பட்சம். வேகப்பந்து வீச்சாளருக்குக் கீப்பர் ஸ்டம்பிலிருந்து பதினைந்து, இருபது மீட்டர் தள்ளி நிற்கிறார். கேட்சர் மட்டைக்கு நேர் பின்னால் குந்தியிருக்கிறார். 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து மட்டையின் ஓரத்தில் உரசித் திசை மாறினால், கண் சிமிட்டக்கூட நேரம் கிடையாது. முகமூடியில் படும், தோளில் படும், க்ளவ் போடாத கையின் விரலில் படும். வேகப்பந்துக்கு ஸ்டம்பை ஒட்டி நின்று வருஷத்துக்கு 120 நாள் கீப்பிங் செய்பவர் எவராவது உண்டா?

அக்டோபர் 15

போசியைப் பற்றி ஒரு திருத்தம். "உடம்பு தாங்கவில்லை" என்ற ஒற்றை வரியில் அவர் கதை முடியாது.

2010-ல் அறிமுக வீரர் விருது, அதே வருஷம் உலகத் தொடர், அதாவது மேஜர் லீகின் இறுதித் தொடர், கோப்பை. அடுத்த வருஷம் மே 25-ம் தேதி, ஃப்ளோரிடா மார்லின்ஸ் ஆட்டக்காரர் ஸ்காட் கசின்ஸ் ரன் எடுக்க ஓடிவந்து அவர்மேல் மோதினார். காலில் எலும்பு முறிந்து, கணுக்கால் தசைநார்களும் கிழிந்தன. சீசன் அத்தோடு போயிற்று. அன்றைய விதிப்படி அந்த மோதலில் தப்பே கிடையாது. ஹோம் பிளேட்டை (ஓடிவருபவர் தொட்டால் ரன் கிடைக்கும் இடம்) மறித்து நிற்கும் கேட்சரை இடித்துத் தள்ளுவது ஆட்டத்தின் ஒரு பகுதி என்றுதான் நூறு வருஷமாக நினைத்திருந்தார்கள். 2014-ல் புது விதி வந்தது: கையில் பந்து இல்லாத கேட்சர் வழியை மறிக்கக் கூடாது, ஓடிவருபவரும் வழியை விட்டு விலகிப்போய் மோதக் கூடாது. பலரும் இதைப் போசி விதி என்றே சொல்கிறார்கள்.

அந்த முறிவிலிருந்து எழுந்து 2012-ல் .336 சராசரியோடு (ஆயிரம் முயற்சிக்கு 336 ஹிட் என்ற கணக்கு; ஹிட் என்றால் அடித்துவிட்டு பேஸ் சேர்வது) நேஷனல் லீகின் எம்விபி, அதாவது மேஜர் லீகின் இரண்டு பிரிவில் ஒன்றில் மிகச் சிறந்த ஆட்டக்காரர், ஆனார். 2012, 2014 என்று மேலும் இரண்டு கோப்பை. 2018-ல் இடுப்பு அறுவை சிகிச்சை. 2020-ல் தத்தெடுத்த இரட்டைக் குழந்தைகளுக்காக, கோவிட் காலத்தில் ஆடாமல் இருந்தார். 2021-ல் திரும்பி வந்து .304 அடித்தார், அணி 107 ஆட்டம் வென்றது. அப்புறம்தான் விலகினார். வலியோடு ஆடி ஆடி ஆட்டத்தின் சந்தோஷம் குறைந்துபோனதை வெளிப்படையாகவே சொன்னார். நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோதே போனவர். இப்போது அதே அணியின் பேஸ்பால் பிரிவுக்குத் தலைவர்.

அக்டோபர் 15, சற்று நேரம் கழித்து

கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்: "கீப்பரும் பந்துவீச்சாளருக்கு யோசனை சொல்கிறாரே?" சொல்கிறார். தினேஷ் கார்த்திக் வருண் சக்கரவர்த்திக்கு ஸ்டம்ப் பின்னாலிருந்து தமிழில் சொல்வதைக் கேட்டு நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் அது அவ்வப்போது. பேஸ்பாலில் ஒவ்வொரு பந்துக்கும் அடையாளம் கொடுத்தாக வேண்டும்: என்ன வகை, எந்த மூலை. முன்பெல்லாம் தொடைக்கு நடுவே விரலைக் காட்டுவார்கள். 2022 முதல் பிட்ச்காம் என்ற பொத்தான் கருவி வந்துவிட்டது. பிட்சர் மறுக்கலாம், தலையசைத்து வேறு கேட்கலாம். இருந்தாலும் முதல் யோசனை பெரும்பாலும் கேட்சருடையதுதான்.

அக்டோபர் 19

இன்று அக்டோபர் 19. எங்கள் ஊரில் இந்தத் தேதிக்கு ஒரு மரியாதை உண்டு. அதனால் எங்கள் ஊர் அணியான கார்டினல்ஸின் கேட்சர் யாடியர் மொலினாவைப் பற்றி எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும்.

2006 அக்டோபர் 19. நியூயார்க் மெட்ஸின் ஷே ஸ்டேடியம், நேஷனல் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். 1-1. அந்த சீசன் முழுக்க மொலினாவின் சராசரி .216, அடித்த ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி) 6. ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸில் ஆரன் ஹைல்மன் பந்தை இடதுபக்க வேலிக்கு மேல் அனுப்பினார். 3-1. இந்தக் காட்சியைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் போடுவார்கள்.

எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்தது. அதே இன்னிங்ஸின் இரண்டாம் பாதியில் மெட்ஸுக்கு மூன்று பேஸிலும் (ஓடுபவர் நிற்கும் இடங்கள்) ஆள், இரண்டு அவுட், மட்டையோடு நிற்பவர் கார்லோஸ் பெல்ட்ரான். அந்த வருஷம் 41 ஹோம் ரன் அடித்தவர். பந்து வீசுவது ஆடம் வெயின்ரைட், முதல் முழு சீசன் ஆடும் இளைஞர். மொலினா பிட்சர் நிற்கும் மேட்டுக்கு நடந்துபோய்ப் பேசிவிட்டு வந்தார். முதல் பந்து சேஞ்சப் (வேகம் குறைத்த பந்து), ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். இரண்டாவது வளைபந்து, ஃபவுல் (கோட்டுக்கு வெளியே போன அடி), அதுவும் ஸ்ட்ரைக் கணக்கு. மூன்றாவதும் வளைபந்து. பெல்ட்ரான் மட்டையை அசைக்கவே இல்லை. ஆட்டம் முடிந்தது. ஸ்கோர் அட்டையில் வெயின்ரைட்டுக்கு ஒரு அவுட். அந்த மூன்று பந்தையும் அடையாளம் காட்டிக் கேட்டது யார் என்பது எந்தக் கட்டத்திலும் வராது. நான் சொல்ல நினைப்பது இதைத்தான். கேட்சர் செய்யும் வேலையில் பெரும் பகுதியை யாரும் எண்ணுவதில்லை.

அவர் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொன்னால்: போர்ட்டோ ரிகோவின் பயமோன் நகரில் 1982-ல் பிறந்தார். 2000-ல் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்டின் நான்காவது சுற்றில் கார்டினல்ஸ் எடுத்தது. 2004 ஜூனில் முதல் ஆட்டம். 2022 வரை 19 சீசனும் ஒரே அணி. 2,224 ஆட்டம், 2,168 ஹிட், ஒன்பது கோல்ட் க்ளவ் (சிறந்த ஃபீல்டிங் விருது), 2006-லும் 2011-லும் கோப்பை.

இதில் எண்ணவே முடியாத ஒன்று உண்டு. 2005-ல் அவரை ஏமாற்றி பேஸ் திருட (பந்து வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓட) முயன்ற 39 பேரில் 25 பேர் அவுட். ஹோமிலிருந்து இரண்டாம் பேஸ் கிட்டத்தட்ட 39 மீட்டர். பந்து மிட்டில் (கேட்சரின் கையுறையில்) விழுந்து, எழுந்து, எறிந்து, அங்கே போய்ச் சேர இரண்டு நொடிக்குள் முடிய வேண்டும். அவர் அதைச் செய்தார், அப்புறம் ஓடுவதையே பலர் விட்டுவிட்டார்கள். ஓடாத ஆளை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அக்டோபர் 20

"அண்ணன் தம்பி மூன்று பேரும் கேட்சராமே, உண்மையா?" உண்மை. பெஞ்சி, ஹோசே, யாடியர். மூவருமே உலகத் தொடர் வென்றவர்கள். பெஞ்சியும் ஹோசேயும் 2002-ல் ஏஞ்சல்ஸ் அணியில் சேர்ந்தே வென்றார்கள். அப்பா பெஞ்சமின் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், அந்தத் தீவின் உள்ளூர் ஆட்டத்தில் பேர்பெற்ற இரண்டாம் பேஸ்காரர். பையன்களைப் பழக்கியது அவர்தான்.

போசி கதையும் இந்தக் குடும்பத்தோடு வந்து முட்டுகிறது. 2010-ல் ஜயன்ட்ஸின் கேட்சர் யார்? பெஞ்சி மொலினா. போசிக்கு இடம் விடுவதற்காக அவரை நடு சீசனில் டெக்சஸுக்கு அனுப்பினார்கள். அந்த வருஷ இறுதியில் மோதியது ஜயன்ட்ஸும் டெக்சஸும்தான். தன் இடத்தில் உட்கார்ந்த பையன் கோப்பை தூக்குவதை அவர் எதிர் அணியிலிருந்து பார்த்தார்.

யாடியருக்கும் அந்த இடத்தை ஒருவர் விட்டுத்தான் போனார். மைக் மாத்தினி, நான்கு கோல்ட் க்ளவ் வாங்கியவர். முகமூடியில் பட்ட அடிகளால் மூளை அதிர்ச்சி திரும்பத் திரும்ப வந்து 2006-லேயே அவர் ஆட்டம் நின்றுபோனது. பிறகு கார்டினல்ஸின் மேனேஜராக வந்து, மொலினா ஆடும் அணியையே நடத்தினார்.

அக்டோபர் 23

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, கேட்சர்னா சீரியஸாவே இருக்கணுமா? சிரிக்கிற மாதிரி எதுவும் நடக்காதா?"

2017 ஏப்ரல், சிகாகோ கப்ஸோடு ஆட்டம். தரையில் பட்டு எழும்பிய பந்து மொலினாவின் மார்புக் கவசத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அப்படியே ஒட்டிக்கொண்டது! அவர் சுற்றிச் சுற்றித் தேடுகிறார், பந்து அவர் நெஞ்சிலேயே இருக்கிறது. ஸ்ட்ரைக் அவுட் ஆன ஆள், பந்து நேராகப் பிடிபடாததால், சாவகாசமாக முதல் பேஸுக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் பையன் அதைப் போட்டுக் காட்டச் சொல்லி இப்போதும் விழுந்து விழுந்து சிரிப்பான்.

அக்டோபர் 28, காலை

நேற்று இரவு யாராவது முழுதாகப் பார்த்தீர்களா? உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம், லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸும் டொரண்டோ ப்ளூ ஜேஸும். 18 இன்னிங்ஸ், வழக்கத்துக்கு இரண்டு மடங்கு. இங்கே மணி இரண்டை நெருங்கியபோதுதான் ஃப்ரெடி ஃப்ரீமன் ஹோம் ரன்னால் முடிந்தது. 6-5.

டாட்ஜர்ஸ் கேட்சர் வில் ஸ்மித் 18 இன்னிங்ஸும் குந்தியிருந்து பிடித்தார். இரண்டு அணியும் சேர்ந்து வீசியது 600 பந்துக்கு மேல். அதாவது டெஸ்டின் ஒரு நாள் கணக்கில் பாதிக்கு மேல் ஒரே ஆளுக்கு, ஒரே ராத்திரியில், மட்டைக்கு ஒட்டிப் பின்னால். செப்டம்பரில்தான் மட்டையில் உரசிவந்த பந்து பட்டு அவர் வலது கை எலும்பில் கீறல் விழுந்தது. முதல் கேள்வி கேட்டவர் இந்த ஒரு ஆட்டத்தைப் பார்த்திருந்தால் போதும்.

அக்டோபர் 28, மாலை

காலையில் எழுதியதைப் பையன் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தான். அதனால் எங்கள் வீட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பின் விதியில் பிட்சருக்குப் பந்துக் கணக்கு உண்டு. 11-12 வயதுக்கு ஒரு நாளைக்கு 85 பந்து, அதற்கு மேல் வீச முடியாது. அதிகம் வீசியவருக்கு ஓய்வு நாட்களும் உண்டு. நான்கு இன்னிங்ஸ் கேட்சராக இருந்த பையன் அன்றைக்கு வீசவும் கூடாது. எல்லாமே தோளையும் முழங்கையையும் காப்பாற்ற. ஆனால் ஒரு பையன் ஒரு நாளில் எத்தனை தடவை குந்தி எழலாம் என்பதற்கு அப்படி ஒரு எண் கிடையாது.

போன கோடையில் என் பையன் ஆடிய பயணக் கிளப்பில் கேட்சர் அவன் ஒருவன்தான். சனிக்கிழமை இரண்டு ஆட்டம், ஞாயிறு இரண்டு ஆட்டம், வெயில் 95 டிகிரி ஃபாரன்ஹீட். ஸ்கோர் பார்க்கும் அப்பா ஒருவர் பிட்சருடைய பந்தை ஒவ்வொன்றாகக் க்ளிக்கரில் அமுக்கிக்கொண்டிருந்தார். அந்த ஒவ்வொரு பந்தையும் பிடித்தவனை யாரும் எண்ணவில்லை. கோச்சிடம் போய்ச் சொன்னேன். "தாங்குவான், கேட்சர்னா அப்படித்தான்" என்றார். இரவு படியேற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றவனை நான்தான் பார்த்தேன். டாக்டர் முழங்காலைத் தொட்டுப் பார்த்து, வளரும் எலும்பில் இழுப்பு என்று சொல்லி ஓய்வு கொடுக்கச் சொன்னார்.

கோபம் இன்னும் ஆறவில்லை. எண்ணாத உழைப்புக்கு ஓய்வு கிடைக்காது என்பதை நான் அன்றைக்குப் பார்த்தேன்.

நவம்பர் 2

வில் ஸ்மித்! ஏழாவது ஆட்டம், 11-வது இன்னிங்ஸ், ஹோம் ரன், 5-4, கோப்பை. முதல் ஆட்டத்திலிருந்து கடைசிப் பந்து வரை கவசத்தைக் கழற்றாத ஆள். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

நவம்பர் 6

"நல்ல கேட்சர் ஸ்ட்ரைக்கைத் திருடுவார் என்கிறார்களே, அது ஏமாற்று இல்லையா?"

நல்ல கேள்வி. ஓரத்தில் விழும் பந்தை, மிட்டை வெளியே இழுத்துவிடாமல் உள்பக்கமாக மெல்லப் பிடித்தால் நடுவருக்கு அது ஸ்ட்ரைக்காகத் தெரியும். ஃப்ரேமிங் என்று பெயர். நடு அண்ணன் ஹோசே மொலினாவின் கதை இதுதான். மட்டையில் அவர் சுமார், சராசரி .240-ஐத் தொடவில்லை. 2008 வாக்கில் ஒவ்வொரு பந்தின் பாதையையும் கேமரா பதிவு செய்யத் தொடங்கிய பிறகு ஆராய்ச்சிக்காரர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். இந்த மனிதர் கேட்சராக உட்கார்ந்தாலே அணிக்கு ரன் மிச்சம் என்று தெரிந்தது. டாம்பா பே ரேஸ் அவரை 36 வயதில் அழைத்து முதல் கேட்சராக்கியது. எண்ணத் தொடங்கியதும் மதிப்பு வந்தது, பாருங்கள்.

அடுத்த வருஷம், 2026-ல், இதிலும் மாற்றம். நடுவர் தீர்ப்பைக் கணினி மூலம் சரிபார்க்கக் கேட்கும் முறை மேஜர் லீகுக்கு வருகிறது. அணிக்கு இரண்டு வாய்ப்பு, சரியாகக் கேட்டால் வாய்ப்பு குறையாது. பேட்டர், பிட்சர், கேட்சர் மூவரில் ஒருவர்தான் தலையைத் தட்டிக் கேட்க வேண்டும். ஃப்ரேமிங் கலையின் மதிப்பு குறையும் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எது ஸ்ட்ரைக் என்று மைதானத்தில் மிகத் துல்லியமாகத் தெரிந்தவர் கேட்சர்தான். எப்போது கேட்பது என்ற முடிவும் அவர் தலையில்தான் விழப்போகிறது.

நவம்பர் 9

செயின்ட் லூயிஸில் தி ஹில் என்று இத்தாலியர் பேட்டை ஒன்று உண்டு. நேற்று அங்கே சாப்பிடப் போயிருந்தோம். யோகி பெர்ராவும் ஜோ கராஜியோலாவும் எலிசபெத் அவென்யூவில் எதிரெதிர் வீடு. இரண்டு பேருமே கேட்சர். கார்டினல்ஸ் ஜோவுக்கு 500 டாலர் கொடுத்தது, யோகிக்கு அவ்வளவு தர மறுத்தது. யோகி நியூயார்க் யாங்கீஸுக்குப் போய் ஆட்டக்காரராகவே பத்து உலகத் தொடர் வென்றார், மூன்று முறை எம்விபி. 1956-ல் டான் லார்சன் உலகத் தொடரில் வீசிய பெர்ஃபெக்ட் கேமைப் (எதிரணியில் ஒருவர்கூட பேஸ் சேராத ஆட்டம்) பிடித்ததும் இவர்தான்.

இந்தப் பட்டியலில் ஜாஷ் கிப்சனை விட்டால் மனசு ஆறாது. கறுப்பர் லீகுகளின் மாபெரும் கேட்சர். நிறத்தால் மேஜர் லீகில் ஒரு பந்துகூட ஆட விடவில்லை. 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்தார். மூன்று மாதம் கழித்து, அந்த நிறத்தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் மேஜர் லீகில் களமிறங்கினார். 2024-ல் கறுப்பர் லீகின் கணக்குகளை மேஜர் லீக் தன் ஏட்டில் சேர்த்தது. வாழ்நாள் சராசரியில் டை காபைத் தாண்டி கிப்சன் முதலிடத்துக்கு வந்தார். இறந்து 77 வருஷம் கழித்து.

நவம்பர் 14

எம்விபி முடிவு நேற்று வந்தது. அமெரிக்கன் லீகில் ஆரன் ஜட்ஜ், இரண்டாவது கால் ராலி. முதலிட ஓட்டு ஜட்ஜுக்கு 17, ராலிக்கு 13. ஜட்ஜ் பெரிய ஆட்டக்காரர், அதில் வாதமே இல்லை. ஆனால் சியாட்டலின் ராலி கேட்சராக இருந்துகொண்டு 60 ஹோம் ரன் அடித்தார். அதற்கு முன் கேட்சர்களில் அதிகம் சால்வடோர் பெரஸின் 48. மட்டையில் இரண்டு பேரும் கிட்டத்தட்ட சமம் என்று வையுங்கள், ஒருவர் அதை ஆயிரக்கணக்கான முறை குந்தி எழுந்த காலோடு செய்தார். எனக்கு ஓட்டு இருந்தால் ராலிக்குத்தான் போட்டிருப்பேன்.

ஹால் ஆஃப் ஃபேம் (ஓய்வுபெற்ற மாபெரும் ஆட்டக்காரர்களுக்கான கௌரவப் பட்டியல்) விவாதத்திலும் இதே பிரச்சினை வரப்போகிறது. 2027 பட்டியலில் போசி, 2028-ல் மொலினா. போசிக்கு 1,500 ஹிட்தான், குறைவு என்பார்கள். மொலினா மட்டையில் சாதாரணம் என்பார்கள். மூளை அதிர்ச்சியால் 2013-க்குப் பிறகு முதல் பேஸுக்கு மாறிய ஜோ மாயர் 2024-ல் முதல் முயற்சியிலேயே உள்ளே போனார். அது எனக்கு நம்பிக்கை தருகிறது.

நவம்பர் 15

முதல் கேள்விக்காரர் திரும்ப வந்து கேட்டிருக்கிறார்: "அப்படியென்றால் மொலினா மட்டும் எப்படி 40 வயது வரை தாங்கினார்?"

அவரும் சேதாரம் இல்லாமல் தாங்கவில்லை. 2018 மே மாதம் ஜோர்டன் ஹிக்ஸின் 102 மைல் பந்து மட்டையில் உரசிக் கவட்டில் அடித்து அன்றைக்கே அறுவை சிகிச்சை. ஒரு மாதத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தார். 2022 செப்டம்பர் 14 அன்று வெயின்ரைட்டோடு ஜோடியாக 325-வது ஆட்டம் தொடங்கி, டெட்ராய்ட்டின் லோலிச், ஃப்ரீஹன் ஜோடியின் 324-ஐத் தாண்டியபோது நாங்கள் மேல் வரிசையில் இருந்தோம். ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிந்து எழும்போதும் அவர் முட்டியில் கைவைத்துத்தான் எழுந்தார். கூட்டம் வெயின்ரைட்டுக்குத் தட்டியது, அவருக்கும் தட்டியது.

தாங்குவதும் விலகுவதும் இரண்டுமே அவரவர் உடம்பு தீர்மானிக்கிற விஷயம். 34-ல் போன போசி பலவீனர் கிடையாது, 40 வரை இருந்த மொலினா இரும்பும் கிடையாது.

நவம்பர் 16

மிட் வாங்குவதைப் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு: சின்னப் பிள்ளைகளுக்கு 30 முதல் 32 அங்குலச் சுற்றளவு போதும், பெரியவர்கள் மிட்டை வாங்கித் தராதீர்கள், விரல் மூடாது. ஹெல்மெட் இரண்டாம் கையாக வாங்க வேண்டாம். முக்கியமாக, அணியில் இன்னொரு கேட்சர் இருக்கிறாரா என்று சேரும் முன்னாலேயே கேளுங்கள். இல்லை என்றால் வேறு அணி பாருங்கள். என் பையன் இப்போது ஆடும் அணியில் இரண்டு பேர், ஆட்டத்துக்கு ஒருவர். இன்னிங்ஸ் கணக்கை ஒரு நோட்டில் நானே எழுதிவைக்கிறேன். வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தின் படத்தை அனுப்புகிறேன்.